இரும்பு படாத மூன்று நாள்

என் தங்கை சென்னியம்மாளைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தெய்வத்தைப் பெற்ற மகராசி என்று கும்பிடுகிறவர்கள் ஒரு பக்கம். பெற்ற பிள்ளைக்கு மருந்தை நிறுத்திச் சாகக் கொடுத்தவள் என்று முணுமுணுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்தையும் நிறுத்தி வைத்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்கு வாய் துடித்ததுண்டு. கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பாலுசாமி. கோயமுத்தூரில் டாக்டர் அரங்கசாமியிடம் இருபது வருஷமாகக் கம்பவுண்டர். சுருக்கென்று கோபம் வருகிற ஆள். மருந்து பாட்டிலைக் கழுவாமல் கொண்டுவருகிறவனைத் திட்டுவேன், மூன்று வேளை சாப்பிடச் சொன்ன மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கிவிட்டு வந்து நிற்கிறவனைத் திட்டுவேன். டாக்டரைவிடக் கம்பவுண்டரிடம்தான் பயம் என்று சனங்கள் சொல்லும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சென்னியம்மாள் எனக்கு ஆறு வயது இளையவள். வெள்ளகோவிலுக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளி ஒரு கிராமத்தில் அப்புசாமிக்குக் கட்டிக் கொடுத்தோம். வானம் பார்த்த காடு, ஒரு கிணறு, ஒரு ஜோடி எருது, ஓர் எருமை. மாப்பிள்ளை அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். முதல் பிள்ளை சாந்தாமணி பிறந்தபோது சென்னி எனக்குச் சொல்லியனுப்பிய வார்த்தை, "அண்ணனாட்டவே மூக்குமேல கோவம் இருக்குது, வந்து பாக்கச் சொல்லுங்க" என்பதுதான்.

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாசத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், பதினோரு பிள்ளைகள் படுத்தன. கழுத்தில் பொன் போட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சென்னி தன் சங்கிலியைக் கழற்றி ஏழு வயது சாந்தாமணிக்குப் போட்டாள். அது தொப்புள்வரை தொங்கியது. எட்டாம் நாள் வீக்கம் வடிந்தது. பதினோரு பிள்ளைகளுக்கும் வடிந்தது. பத்துப் பிள்ளைகளுக்கு அத்தோடு சரி.

சித்திரையில் சாந்தாமணிக்குத் தாகம் ஆரம்பித்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்த தண்ணீர் நிற்காமல் போயிற்று. படுக்கையை நனைத்தாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. எல்லாம் சூடு என்றார்கள். சூட்டுக்கு என்ன செய்வார்கள்? இளநீர், நுங்கு, வெல்லம் கரைத்த பானகம். சென்னி ஒரு குடம் நிறையப் பானகம் கரைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, கேட்கக் கேட்கக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை கேட்டது. ஒரு மாசத்தில் விலா எலும்பை எண்ணலாம் போல் ஆனபிறகுதான் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். ஏழு வயதுப் பிள்ளைக்கா என்று நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பெரியவர்களுக்கு வருவது வேறு, இது வேறு, இன்சுலின் ஊசி தினமும் போட்டால் இருப்பாள், இல்லாவிட்டால் நாலு நாள் தாங்கமாட்டாள் என்றார். தினமும் என்றால் எத்தனை நாளைக்கு என்று மாப்பிள்ளை கேட்டார். இருக்கிறவரைக்கும் என்றார் டாக்டர். மாப்பிள்ளை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சென்னி அழவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நான் போட்ட சத்தத்தில் வாய் திறந்தாள்.

"நாந்தானுங்ணா பண்ணிப்போட்டேன். வெல்லத் தண்ணிய ஊத்தி ஊத்தி நாந்தான் புள்ளைக்குச் சக்கரைய ஏத்திப்போட்டேன்."

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். வெல்லத்தால் இது வருவதில்லை. பொன்னுக்கு வீங்கி போன்ற காய்ச்சல் வந்துபோன சில பிள்ளைகளுக்கு, சில மாசம் கழித்து இப்படி ஆவதைப் பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதனால்தான் இது என்று எவனும் இன்னும் நிரூபிக்கவில்லை. "வந்த திருடனை அடிக்கக் கிளம்பின ஆளுக, திருடன் போன பின்னாடியும் நிறுத்தாம வீட்டுக்காரனையே அடிச்சுப் போட்டா எப்படி இருக்கும்? அந்த மாதிரி எதோ உடம்புக்குள்ள நடக்குதோ என்னமோ. எனக்குத் தெரியாது பாலுசாமி" என்றார்.

அதை நான் தங்கையிடம் எப்படிச் சொன்னேன் தெரியுமா? தெரியாது என்கிற வார்த்தையை விட்டுவிட்டுச் சொன்னேன். "வெல்லத்துனால வல்ல அம்மணி. அந்தப் பொன்னுக்கு வீங்கி கொண்டாந்து உட்டுட்டுப் போன வெனை இது. நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாலுமுங்களா?" என்றாள். "டாக்டரே சொல்றாரு" என்றேன். அன்றைக்குச் சோறு தின்றாள். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் தீயை வைக்க.

ஊசி போட அவளுக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவள். கண்ணாடி சிரிஞ்சில் எத்தனை இழுக்கவேண்டும் என்பதற்கு அரத்தால் ஒரு கோடு கீறிக் கொடுத்தேன். முதலில் என் கையில் வெறும் தண்ணீரைக் குத்திப் பழகினாள். எட்டாவது குத்தில் கை நடுங்குவது நின்றது. ஒன்பதாவது குத்தைப் பிள்ளைக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் வாழ்ந்த வாழ்க்கையைக் கேளுங்கள். விடிந்ததும் எருமையைக் கறக்குமுன் ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்க வைப்பாள். பிள்ளையின் மூத்திரத்தில் எட்டுச் சொட்டை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுவாள். நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறம் வந்தால் நிறைய. அதற்குத் தக்கபடி கோட்டுக்கு மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் என்று கையளவில் கூட்டிக் குறைப்பாள். இன்று வலது தொடை, நாளை இடது தொடை, நாளன்றைக்குக் கை. தொடையில் சதை கரைந்து குழிகுழியாக விழுந்திருந்தது. இன்சுலின் பாட்டில் ஈர மணல் நிரப்பிய புதுப்பானைக்குள் இருக்கும். நோம்பி, திருவிழாவுக்குப் போனதில்லை, உறவில் ஒரு கல்யாணத்துக்கு ஓர் இரவு தங்கினதில்லை. என் வீட்டுக்கு வந்தாலும் காலையில் வந்து பொழுதோடு திரும்பிவிடுவாள்.

மாசம் ஒரு தடவை நான் மருந்தை ஈரத் துணியில் சுற்றி வெள்ளகோவில் பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். கண்டக்டர் ரசாக் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போவார். வெயில் படாமல் உட்காருவதற்காக அன்றைக்கு மட்டும் இடத்தை மாற்றிக்கொள்வார். நல்ல மனுஷன்.

சாந்தாமணி இருந்தாளே, அவள் வாய் இருக்கிறதே! "ஏனுங் மாமா, உங்க டாக்டரு ஒரு நாளைக்கு ஊசி போட்டுக்குவாருங்களா? போட்டுக்கச் சொல்லுங்க, அப்பறம் நான் போட்டுக்கறேன்" என்பாள். ஒரு தடவை பானையில் கைவிட்டு வெல்லத்தைத் தின்றுவிட்டாள். சென்னி விளக்குமாற்றால் விளாசினாள். அடித்துவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கத்தினாள். இரண்டு பேரும் அழுது முடித்தபிறகு, "அம்மா, வெல்லத்தைவிட அடிதான் சாஸ்தியாத் தின்னேன்" என்றாளாம் பிள்ளை. இதற்கிடையில் திருமூர்த்தி பிறந்தான். அவனைத் தாலாட்டுகிறது முழுக்கச் சாந்தாமணிதான்.

ஐம்பத்தொன்பது பங்குனியில் ஒரு புதன்கிழமை காலை ரசாக் என் கிளினிக் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, உங்க தங்கச்சி ஊட்ல பாப்பாவுக்கு அம்மை பாத்திருக்குதாமுங்க. திங்கக்கெழமையே பாத்துடுச்சாம். வேப்பல கட்டியிருக்குது."

சின்னம்மைதான். ஊரில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கண்டிருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது ஏழு நாள் சங்கதி. டாக்டரிடம் ஓடினேன். அவர் முகம் மாறியது. "காய்ச்சல் வந்தா இன்சுலின் ஜாஸ்தி வேணும் பாலுசாமி, கொறைக்கவே கூடாது. நீயே போ. போய் நீயே போட்டுட்டு வா" என்றார். சிரிஞ்சு, இரண்டு பாட்டில் மருந்து, ஸ்பிரிட்டு எல்லாம் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. வாசல் நிலையில் வேப்பங்கொத்து. வாசல்படியில் மஞ்சள் தண்ணீர். உள்ளே பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் மாரியாத்தா பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். பிள்ளையை ஆசாரத்து முன்கூடத்தில், வாசலுக்கு நேரே, வேப்பிலை பரப்பிக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் இருந்து எட்டு அடி இருக்கும். நான் செருப்பைக் கழற்றினேன். அப்புசாமி எழுந்து வந்து கைகூப்பினார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. வெளியூர்ல இருந்து வந்தவிய உள்ள வந்தா ஆத்தா கோவிச்சுக்குவா. மூணாந்தண்ணி ஊத்தி ஆத்தாள அனுப்பி வெக்கற வரைக்கும் பொறுத்துக்கங்க."

சென்னி நிலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மஞ்சள் துணி. மூன்று நாளாகத் தலை வாரவில்லை. ஆனால் அவள் முகத்தில், கடவுளே, இதை எப்படிச் சொல்வேன், மூன்று வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிச்சி இருந்தது.

"ஊசி போட்டியா அம்மணி?" என்றேன்.

"ஆத்தா எறங்கியிருக்கிற ஒடம்புல இரும்பு படலாமுங்களா? திங்கக்கெழமையில இருந்து போடலைங்ணா."

"பைத்தியமா உனக்கு? மூணு நாளாவா போடல?"

"சத்தம் போடாதீங்ணா." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்கதான சொன்னீங்க, பொன்னுக்கு வீங்கி கொண்டாந்து உட்டுட்டுப் போன வெனைன்னு. அதும் ஆத்தா போட்ட முத்துதானுங்ணா. மூணு வருசமா நான் அவளைக் கேட்டுட்டே இருந்தேன், நீ குடுத்ததை நீயே எடுத்துக்கன்னு. இப்ப அவளே வந்திருக்கறா. போறப்ப எடுத்துட்டுப் போயிருவா. நான் இரும்பக் குத்தி அதைக் கெடுக்கட்டுங்களா?"

நான் சொன்னதுதான். என் வாயால் நான் கொடுத்த ஆறுதல்தான்.

"பாப்பா எப்படி இருக்கறா?"

"நல்லாத் தூங்கறாங்ணா. முந்தாநாள்லாம் தண்ணி தண்ணின்னா. எளநியும் பானகமும் குடுத்துட்டே இருந்தேன். காத்தாலருந்து கேக்கறதில்ல, அசந்து தூங்கறா. மூச்சு மட்டும் பெருசு பெருசா வாங்குது. அது புள்ள மூச்சு இல்ல, ஆத்தா மூச்சுன்னு லச்சுமியக்கா சொல்றாங்க. ஊடெல்லாம் பழ வாசமா இருக்குது பாருங்ணா. நாங்க பழமே வெக்கல. ஆத்தா வந்தா அப்படித்தான் மணக்குமாம்."

நான் பதினோரு வருஷம் டாக்டரிடம் இருந்தவன் அப்போது. அந்த மாதிரிப் பிள்ளைகளை நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை எரியாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது ரத்தத்தில் விஷம் ஏறும், அந்த விஷம்தான் மூச்சில் பழ வாசமாக வரும், அந்த வாசம் வந்த பிள்ளையைச் சில மணி நேரத்துக்குள் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். சென்னி சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதுகூட இல்லை. வாசலில் நின்ற எனக்கே அது அடித்தது. பிள்ளையின் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதும் தெரிந்தது. அதன் தலைமாட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

எட்டே அடி. மாப்பிள்ளை கையை விலக்கிவிட்டு ஏறியிருக்கலாம். அவர் தடுக்கக்கூடிய ஆளே இல்லை. ஊரையே சத்தம் போட்டு மிரட்டுகிற நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் லட்சுமியம்மாள் பாட்டை நிறுத்தியிருப்பாள்.

நான் ஏறவில்லை. ஆத்தாவுக்குப் பயந்து என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்துக்கொண்டால் எனக்கு நல்லது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எனக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். ஐந்து மாசம். எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை. உள்ளே போய்ப் பிள்ளையைத் தொட்டால் அம்மையை நான் என் வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று கம்பவுண்டர் புத்தி கணக்குப் போட்டது. நின்ற இடத்திலேயே பையைத் திறந்து மருந்தை எடுத்து நீட்டினேன். "நீயே போடு அம்மணி. ரெட்டிப்பா இழுத்துப் போடு. இப்பவே போடு" என்றேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் கையை நீட்டவில்லை. "ரெண்டு நாளுங்ணா. ரெண்டே நாள்" என்றாள்.

பழ வாசம் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? உன் பிள்ளை தூங்கவில்லை, சாகிறது என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? சொன்னால், "அப்ப நீங்களே வந்து போடுங்ணா" என்று அவள் வழிவிட்டிருப்பாள். அதற்குத்தான் பயந்தேன். "நான் டாக்டரையே கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் இறங்கி நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன்? ஓடினேன்.

மறுநாள் விடியக் கிளம்பி டாக்டர் தன் காரிலேயே வந்தார். ஊருக்குள் நுழையும்போது ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது. அம்மை பார்த்த வீட்டில் சாவு விழுந்தால் ஒப்பாரி வைக்கக்கூடாது என்பதை மறந்துவிட்டேன். சென்னி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் துணியால் கட்டியிருந்தாள். பிள்ளையின் வாயை அல்ல, தன் வாயை. டாக்டர் செருப்போடு உள்ளே போய்ப் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. என்னை அவர் ஒரு பார்வை பார்த்தார். "போட விடலைங்க" என்றேன்.

ஊர் சேர்ந்து அவளைத் தெய்வமாக்கியது. ஆத்தா பிரியப்பட்டுக் கூட்டிக்கொண்டாள், பழ வாசமடித்துப் போனவள் சாதாரணப் பிள்ளையா, கன்னித் தெய்வம் என்றார்கள். புதைத்த இடத்தில் கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு. பிள்ளை வரம் கேட்டு வெளியூரில் இருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் சென்னியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, எதுவும் பேசவும் இல்லை. ஆறு வருஷம் அவள் வேண்டிய பேச்சோ வேண்டாத பேச்சோ பேசி யாரும் பார்த்ததில்லை. பானகம் கரைத்துக் கொண்டுவந்து அந்தக் கல்லுக்குப் படைக்கிறவர்களைப் பார்த்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அறுபத்தைந்தில், மாசி மாசம், சொல்லாமல் கொள்ளாமல் கிளினிக்குக்கு வந்தாள். எட்டு வயதுத் திருமூர்த்தியை இடுப்பில் வைத்திருந்தாள். அவ்வளவு பெரிய பையனை யாராவது இடுப்பில் வைப்பார்களா? பையனின் இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன.

"அதேதானுங்ணா" என்றாள். "அதே வீக்கம்."

டாக்டர் பையனைப் பார்த்தார். பயப்படாதே என்றார். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வரும், அதில் ஒன்றுக்கு அப்படி ஆனாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்.

"ஏனுங்க அந்த ஒண்ணு எம்பட புள்ளையா இருந்துச்சு?" என்று சென்னி கேட்டாள்.

"தெரியலம்மா. உலகத்துல யாருக்கும் தெரியாது."

"அதுக்கு முன்னாடியே ஒரு ஊசி போட்டுத் தடுத்துப்போட முடியாதுங்களா?"

"இன்னிக்கு இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். டாக்டருக்கு வயதாகிவிட்டது. ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறவர். பையனின் தலையைத் தடவிக்கொண்டே, எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிற பாட்டை அவளிடமும் சொன்னார். அடுத்த ஆறு மாசம் கவனமாகப் பார்த்துக்கொள், தாகம் அதிகமானால் கூட்டி வா, இளைத்தால் கூட்டி வா. "அசந்து தூங்கி, மூச்சு பெருசு பெருசா வாங்கி, வாயில பழ வாசம் அடிச்சுதுன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதே. அது சாவு வாசம். அப்பவும் ஊசி போட்டாப் பொழைக்க வைக்கலாம்" என்றார்.

நான் மருந்து கலக்குகிற மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சென்னி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுவரை நான் அவர்களோடு நடந்தேன். பையனை நான் தூக்கிக்கொண்டேன். வெள்ளகோவில் வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. ஒரு தூணோரம் நின்றோம்.

"ஏனுங்ணா" என்றாள். "அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னப்ப, ஊடெல்லாம் பழ வாசமா இருக்குதுன்னு நான் சொன்னனே."

"ம்."

"அது என்ன வாசம்னு உங்களுக்கு அப்பத் தெரியுமுங்களா?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தவன் நான். கேட்டால் காலில் விழுந்து சொல்லிவிடுவது என்று எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வயதுகூட ஆகாதவளுக்கு அறுபது வயது முகம். அந்த முகம் என்னை விட்டுத் திரும்பிப் போய்விடும் என்று பயந்தேன். அன்றைக்கு என் பிள்ளைக்காகப் பயந்தேன். இன்றைக்கு எனக்காகப் பயந்தேன்.

"தெரியாது அம்மணி" என்றேன். "இப்ப டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அவள் நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"அதானே" என்றாள். "தெரிஞ்சிருந்தா நீங்க வாசல்லயேவா நின்னிருப்பீங்க? எம்பட அண்ணன் அப்படி நிக்கறவரா?"

நான் பையனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அப்ப நான் ஒருத்திதானுங்ணா" என்றாள். "நான் ஒருத்திதான். பக்கத்துலயே உக்காந்துட்டு, மோந்து மோந்து பாத்துட்டு, ஆத்தான்னு கும்புட்டுட்டு, எம்பட புள்ளைய நாந்தான் சாகக் குடுத்துப்போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில், கம்பவுண்டர் பாலுசாமி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் கையில் இருந்து பையனை வாங்கிக்கொண்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க எதுக்குங்ணா அழுவறீங்க? நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றாள். "மருந்தை எடுத்துட்டு அத்தன தூரம் ஓடியாந்தது நீங்க ஒருத்தர்தானுங்ணா."

வண்டியை எடுத்தார்கள். அவள் ஏறிக்கொண்டாள்.